எதிரணி வீரருக்குக் கைதட்டலாமா? பெங்களூருத் தமிழ் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் அப்பா கோலார் தங்கவயலில் பிறந்தவர். நான் அல்சூரில் வளர்ந்தேன். சின்னசாமி கிரிக்கெட் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து சேரும் தமிழ்ப் பிள்ளைகள் முதன்முறை டிக்கெட் வாங்கியதும் என்னிடம் கேட்கிற கேள்விகளையும், பேச்சு நீளும்போது எழுகிற கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: வெளியூரிலிருந்து ஆட வந்தவரை உள்ளூர்க் கூட்டம் எப்படி நடத்துகிறது?

சேப்பாக்கத்து ரசிகர்கள்தான் இந்தியாவிலேயே பண்பானவர்கள் என்கிறார்களே, உண்மையா?

அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய சச்சின் 136 ரன்களில் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ரன்கள்தான் தேவை. மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கே ரன்களில் சரிந்தன. 12 ரன்களில் தோல்வி. சில நொடிகள் அரங்கமே உறைந்து நின்றது. பிறகு ஒரு மூலையில் தொடங்கிய கைதட்டல் அரங்கம் முழுவதும் பரவியது. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டது. அந்தத் தொடரை எதிர்த்தவர்கள் டெல்லி கோட்லா ஆடுகளத்தைத் தோண்டிப்போட்ட அதே மாதத்தில் இது நடந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இதற்கு முன்பு 1997 மே மாதத்தில் சயீத் அன்வர் அதே மைதானத்தில் 194 அடித்தார். அன்றைக்கு ஒருநாள் போட்டிகளில் அதுதான் உலகச் சாதனை. நம் பந்துவீச்சைக் கிழித்துப்போட்ட அவரையும் எழுந்து நின்றுதான் வழியனுப்பினார்கள்.

எங்கள் வீட்டில் 1999 ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அப்பா அழுதுகொண்டிருந்தார். கூட்டம் எழுந்ததைப் பார்த்ததும் அவரும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பெங்களூரில், பத்துக்குப் பத்து அறையில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால். அப்பாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் வருகிறது.

அப்படிப்பட்ட சேப்பாக்கத்தில் முரளிதரனை ஏன் ஆடவிடவில்லை?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சேப்பாக்கத்தின் பெருமை பேசுவது நேர்மையாகாது. 2013 மார்ச்சில், இலங்கை வீரர்கள் இடம்பெறும் ஐபிஎல் ஆட்டங்களை அனுமதிக்க முடியாது என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். இலங்கை வீரர்கள் சென்னையில் மட்டும் ஆடமாட்டார்கள் என்று ஐபிஎல் நிர்வாகம் முடிவெடுத்தது. சென்னை அணியிலேயே இருந்த குலசேகராவுக்கும் அது பொருந்தியது. அந்த ஆண்டு முத்தையா முரளிதரன் பெங்களூரு அணியில் இருந்தார். 2008 முதல் 2010 வரை சென்னைக்காகவே ஆடியவர். சென்னை மருமகன். தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழ்நாட்டுக் குடும்பத்தின் பேரன். அவருக்கும் சேப்பாக்கத்தின் கதவு திறக்கவில்லை.

2009-இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை நினைத்துத் தமிழ்நாடு கொதித்தது நியாயம். அந்தத் துயரம் எனக்கும் உண்டு. முரளியின் அரசியல் பேச்சுகளில் நான் ஏற்காதவை பல. ஆனாலும், இலங்கை அணிக்குள் தமிழனாக நின்று 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த ஒருவர் தமிழ் மண்ணில் பந்தைத் தொட முடியாமல் போனதையும், அதே ஆண்டு பெங்களூரில் கன்னட ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூவியதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. இத்தனைக்கும் அந்தக் கதவை மூடியது கேலரியில் உட்காருகிற ரசிகன் இல்லை.

2018 ஏப்ரல் 10-இல் நடந்ததை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நடந்த போராட்டத்தின் நடுவே, கேலரியிலிருந்து மைதானத்துக்குள் செருப்பு வீசப்பட்டது. எல்லைக்கோட்டருகே நின்ற ஜடேஜாவும் டூ ப்ளெஸ்ஸியும் நம் சொந்த அணியின் ஆட்கள். மிச்ச ஆட்டங்கள் புணேவுக்குப் போயின. 1999-ஐ நெஞ்சில் வைத்திருப்பவர்கள் இதையும் வைத்திருக்க வேண்டும்.

சின்னசாமி மைதானத்துக் கூட்டம் எப்படி?

நேசித்துவிட்டால் எல்லையே இல்லாமல் நேசிக்கிற கூட்டம். 2015 நவம்பர் 14 அன்று, ஐபிஎல்லில் பெங்களூரு அணிக்கு ஆடிவந்த தென்னாப்பிரிக்காவின் ஏ.பி. டி வில்லியர்ஸ் தன் நூறாவது டெஸ்டை இங்கே ஆடினார், இந்தியாவுக்கு எதிராக. அவர் களமிறங்கியதும் 'ஏபிடி, ஏபிடி' என்று அரங்கம் அதிர்ந்தது. பந்துவீசுவது நம் ஆள், விக்கெட் நமக்கு வேண்டும். கூட்டமோ எதிராளிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறது. அவர் 85 ரன்களில் ஆட்டமிழந்தபோது மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் என் பக்கத்து இருக்கைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டதால் அந்த டெஸ்டில் பெங்களூரு கண்டது அந்த ஒருநாள் ஆட்டத்தை மட்டும்தான்.

இதை ஐபிஎல் செய்த நன்மை என்று தயங்காமல் சொல்வேன். ஒருவரை ஆண்டுக்கு ஏழு ஆட்டங்களில் 'நம்மவர்' என்று கொண்டாடிவிட்டு, வேறு சட்டையில் வந்தவுடன் அந்நியராக்க மனம் ஒப்புவதில்லை.

நியூசிலாந்துக்காக ஆடும் ரச்சின் ரவீந்திராவின் கதை இன்னும் நெருக்கமானது. அவருடைய அப்பா பெங்களூர்க்காரர். 2023 உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் இங்கே 108 அடித்த நாளில் 'ரச்சின், ரச்சின்' என்று அரங்கம் பாடியது. 2024 அக்டோபரில் டெஸ்டுக்கு வந்தார். இந்தியா 46 ரன்களுக்குச் சுருண்டது. மறுநாள் ரச்சின் 134 அடித்து நம் கதையை முடித்தார். அன்று நான் அங்கே இருந்தேன். வயிறு எரிந்தாலும் கூட்டம் கைதட்டியது. பேரன் ஊருக்கு வந்து பாட்டி வீட்டுப் பாத்திரத்தை உடைத்தால் எப்படிக் கோபப்படுவது?

மறுபக்கமும் உண்டு. அதே 2023 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் இங்கே ஆடியபோது, தன் நாட்டை வாழ்த்திக் குரல் கொடுத்த பாகிஸ்தான் ரசிகர் ஒருவரைக் காவலர் ஒருவர் தடுத்த காணொளி பரவியது. 'என் நாடு ஆடும்போது என் நாட்டை வாழ்த்தாமல் வேறு யாரை வாழ்த்துவது?' என்பதுதான் அந்த ரசிகரின் கேள்வி. அதற்கு எங்கள் ஊரில் பதில் இல்லாமல் போனது எனக்கு அவமானமாக இருந்தது.

மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சின்னசாமிக்குப் போகலாமா?

போகலாம். நான் போயிருக்கிறேன். கேலி நிச்சயம் உண்டு. ஓர் ஓவரில் இரண்டு விக்கெட் விழுந்தால் முன் வரிசையே திரும்பி உங்களைப் பார்க்கும். பெரும்பாலும் அது சிரிப்போடு முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் தயக்கம் கிரிக்கெட்டில் தொடங்கியதல்ல என்பது எனக்குத் தெரியும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இந்த நகரத்துத் தமிழர் வீடுகளில் விளக்கணைத்து உட்கார்ந்திருந்தோம். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. அந்த வாரம் நான் கைப்பேசியில் அம்மாவோடு தமிழில் பேசவே குரலைத் தாழ்த்தினேன். இப்படி ஒரு வாரம் வாழ்ந்தவனுக்கு, ஆயிரக்கணக்கான சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே மஞ்சளாக நிற்பது வெறும் விளையாட்டாக இருக்காது.

அதனால் என் நடைமுறையைச் சொல்கிறேன். காவிரிச் செய்தி சூடாக இருக்கிற வாரத்தில் போகமாட்டேன். தனியாகப் போகமாட்டேன். ஆட்டம் முடிந்ததும், குறிப்பாகச் சென்னை ஜெயித்திருந்தால், கூட்டத்தோடு முண்டாமல் அரைமணி நேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பேன். வாசலில் நடக்கும் உரசல்கள் அரங்கத்துக்குள் நடப்பவற்றைவிடக் கசப்பானவை. 2024 மே 18-இல் பெங்களூரு 27 ரன்களில் சென்னையை வென்று அடுத்த சுற்றுக்குப் போன இரவில், மஞ்சள் சட்டைக்காரர்கள் வெளியே சீண்டப்பட்டதாகப் பலர் எழுதினார்கள். பெங்களூரு ரசிகனாகவும் இருக்கிற எனக்கு அந்த வெற்றியின் இனிப்பு அதோடு போய்விட்டது.

மும்பை, டெல்லி, கொல்கத்தா?

மும்பையிலிருந்து ஒரே ஒரு சம்பவம். 1975 ஜனவரி, வான்கடேவின் முதல் டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளின் கிளைவ் லாயிட் இரட்டைச் சதம் அடித்ததும் ஓர் இளைஞர் அவரை வாழ்த்த மைதானத்துக்குள் ஓடினார். காவலர்கள் அவரை அடித்தார்கள். அதைக் கண்டு கூட்டம் கொந்தளித்து ஆட்டம் நின்றது. விருந்தாளியை வாழ்த்தப் போனவனை அடித்ததற்காக ஓர் ஊரே கோபப்பட்டிருக்கிறது! அதே வான்கடேயில் 2007 அக்டோபரில் ஆன்ட்ரூ சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்கு சேட்டை செய்து காட்டிய சிலர் வெளியேற்றப்பட்டார்கள்.

கொல்கத்தா உணர்ச்சிக் கடல். 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று தடுமாறியபோது பாட்டில்கள் பறந்தன. மேட்ச் ரெஃப்ரியாக இருந்தவர் அதே லாயிட்; ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தார். 1999 பிப்ரவரியில் ஷோயப் அக்தர் மீது மோதிச் சச்சின் ரன் அவுட் ஆனபோது மறுபடி கலவரம். கடைசி நாள் கேலரிகளைக் காலிசெய்துவிட்டுத்தான் ஆட்டத்தை முடிக்க முடிந்தது. சேப்பாக்கத்தில் எழுந்து நின்றதற்கும் இதற்கும் இடையே மூன்று வாரம்கூட இல்லை. எதிரே நின்றதும் அதே பாகிஸ்தான் அணிதான்.

டெல்லியில் நடந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

பாகிஸ்தானில் நம் வீரர்களை எப்படி நடத்தினார்கள்?

கராச்சி ஒன்றே போதும். 1989-இல் நம் கேப்டன் ஸ்ரீகாந்த். சச்சின் அறிமுகமான அந்த டெஸ்டில் மைதானத்துக்குள் புகுந்த ஒருவர் ஸ்ரீகாந்தோடு மல்லுக்கட்டி அவர் சட்டையைக் கிழித்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2004 மார்ச் 13, அதே மைதானம். இந்தியா 349, பாகிஸ்தான் 344. சொந்த மண்ணில், ஐந்தே ரன்களில் தோல்வி. கராச்சிக் கூட்டம் எழுந்து நின்று இந்தியாவுக்குக் கைதட்டியது.

அந்தத் தொடரில் பாகிஸ்தான் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனவர் நம் லட்சுமிபதி பாலாஜி. பந்து வாங்கிக்கொண்டு நடக்கும்போதும், அடி வாங்கினாலும் கொடுத்தாலும் முகத்தில் மாறாத அந்தச் சிரிப்பு. அவர் பெயரை வைத்துப் பாட்டே கட்டினார்கள். சென்னைப் பையன் ஒருவனின் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஒரே ஊர் எப்படி இவ்வளவு மாறுகிறது? காரணம் என்ன?

ஊர்க்குணம் என்று சொல்வதை நான் நம்புவதில்லை. என் கணிப்பு இது: பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முதல் காரணம்.

2004-இல் ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்குப் பாகிஸ்தான் விசா கொடுத்தது. கடைக்காரர்கள் காசு வாங்க மறுத்த கதைகளோடு திரும்பி வந்தார்கள். கேலரியில் இருநாட்டுக் கொடிகளும் ஒன்றாக அசைந்தன. 2023 அக்டோபர் 14-இல் அகமதாபாதில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது நிலைமை தலைகீழ். ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். எதிரணிக்கு விசா கிடைத்த ரசிகர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். ஆட்டமிழந்து நடந்த பாகிஸ்தானின் ரிஸ்வானைப் பார்த்து மத முழக்கம் எழுப்பினார்கள். பாகிஸ்தான் வாரியம் ஐசிசியிடம் முறையிட்டது. கேட்கிற தூரத்தில் எதிர்த்தரப்பு மனிதர் ஒருவரும் இல்லை என்றால் நாக்கு தடித்துவிடுகிறது. நான்கு நாள் முன்பு ஹைதராபாதில் அதே ரிஸ்வான் இலங்கைக்கு எதிராக 131 அடித்தபோது கூட்டம் அவரைக் கொண்டாடியது. சொந்த ஊரில் ஆடுவதுபோல் இருந்தது என்று அவரே சொன்னார்.

இரண்டாவது காரணம் பழக்கம். சேப்பாக்கத்தில் பல ஆண்டுகள் பொங்கலையொட்டி டெஸ்ட் நடந்தது. ஐந்து நாளும் கட்டுச்சோறோடு வந்து உட்கார்ந்த குடும்பங்களுக்கு எதிரணியின் மூன்றாம் எண் ஆட்டக்காரரின் பலவீனம்கூடத் தெரியும். ஒருவரின் உழைப்பு தெரிந்துவிட்டால் அவரை ஏசுவது கடினம்.

ஆஸ்திரேலியாவில் இனவெறி அதிகமா?

மெல்பர்னில் 1995 டிசம்பர் 26 அன்று நடுவர் டேரல் ஹேர், முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ பால் கொடுத்தார். அதன்பின் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோதெல்லாம் அவர் பந்துவீசும் நேரத்தில் கேலரியே 'நோ பால்' என்று கத்தியது. 2004-இல் பிரதமர் ஜான் ஹோவர்டும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டார்; அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்கு முரளி போகவில்லை. 2008-இல் ஹோபார்ட் தெருவில் நடந்துபோனவர்மீது முட்டை வீசினார்கள். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கையோடு பிறந்த மனிதர் அவர்.

2021 ஜனவரியில் சிட்னியில் சிராஜையும் பும்ராவையும் இழிவாகப் பேசினார்கள். சிராஜ் நடுவரிடம் சொன்னார், ஆட்டம் நின்றது, ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். வீரர்கள் இழிவுபடுத்தப்பட்டது உண்மைதான் என்று ஆஸ்திரேலிய வாரியம் பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த ஆறு பேரும் குற்றவாளிகள் அல்லர் என்றும் அதன் விசாரணை சொன்னது. அப்படியானால் பேசியவர்கள் தப்பிவிட்டார்கள்! அப்பாவை இழந்து, அடக்கத்துக்குக்கூடப் போகாமல் அணியோடு தங்கிய இளைஞனிடம் பேசிய பேச்சு அது.

அதிகமா குறைவா என்று நாடுகளைத் தராசில் நிறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. அமைதிக்குப் பேர்போன நியூசிலாந்தில் 2019-இல் இங்கிலாந்து வீரர் ஜோஃப்ரா ஆர்ச்சரை நிறத்தைச் சொல்லி ஏசிய ஒருவருக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தார்கள். 2014-இல் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில் அந்நாட்டு வீரர் மொயின் அலியைப் பார்த்து ஊளையிட்டவர்கள் இந்திய வம்சாவளி ரசிகர்கள். பர்மிங்காமில் பிறந்த பிள்ளையை, பர்மிங்காமிலேயே, நம்மவர்கள்.

மேற்கிந்தியத் தீவுகள்?

1971-இல் நான்கு டெஸ்டுகளில் 774 ரன் குவித்த கவாஸ்கரைப் புகழ்ந்து டிரினிடாடில் கலிப்சோ பாட்டே கட்டினார்கள். 1976-இல் ஜமைக்காவில் நம் ஆட்டக்காரர்கள்மீது பந்து பட்டு ரத்தம் வந்தபோது கூட்டம் ஆரவாரித்ததைப் பற்றி அதே கவாஸ்கர் மிகுந்த கசப்போடு எழுதினார். தீவுகள் பல, மனிதர்களும் பலவிதம்.

கேலிக்கும் இழிவுக்கும் எல்லை எது?

ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது கேலி. கேட்சை விட்டவரிடம் 'கையில் எண்ணெயா?' என்று கேட்கலாம். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தால் அந்த நாளே இனிக்கும். நிறம், சாதி, மதம், மொழி, தாய், மனைவி என்று ஆட்டத்தில் இல்லாத எதையாவது இழுத்தால் இழிவு. இதில் மங்கலான பகுதி எதுவும் இல்லை.

பக்கத்தில் ஒருவர் இழிவாகப் பேசினால் என்ன செய்வது?

முதலில் மெதுவாகச் சொல்லுங்கள். 'அண்ணா, பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்ற ஒரு வரியில் நான் நாலைந்து பேரை நிறுத்தியிருக்கிறேன். கன்னடத்தில் சொன்னால் இன்னும் நல்லது. இங்கே வாழ்கிறவர்கள் அந்த அளவுக்காவது கன்னடம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மது வாடை அடித்தால் நேரில் பேச வேண்டாம். வரிசை எண், இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்டாண்ட் வாசலில் நிற்கும் பணியாளரிடமோ காவலரிடமோ சொல்லுங்கள்.

கூட்டத்தை வேறு எவரையும்விட வேகமாக அடக்கக்கூடியவர்கள் வீரர்கள். 2019 உலகக் கோப்பையில் ஓவல் மைதானத்தில் இந்திய ரசிகர்கள் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தைப் பார்த்து ஊளையிட்டபோது, கோலி அவர்களை நோக்கிக் கைதட்டும்படி சைகை காட்டினார். 2023 அக்டோபரில் டெல்லியில் ஆப்கானிஸ்தானின் நவீன் உல் ஹக்கைக் கூட்டம் சீண்டியது, அந்த ஆண்டு ஐபிஎல்லில் அவரோடு மோதியிருந்த கோலியின் பெயரைச் சொல்லித்தான். கோலியே நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள். அந்த நவீனைக் கட்டியணைத்தார். நம் வீரர்கள் இதை இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும்.

குழந்தையை அழைத்துப் போகலாமா?

2025 ஜூன் 4-இல் சின்னசாமி வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதன்பின் இந்தக் கேள்விக்கு நான் உடனே 'ஆம்' என்று சொல்வதில்லை. வெற்றி விழாக்களுக்கு வேண்டவே வேண்டாம். டெஸ்டுக்கு அழைத்துப் போங்கள்: கூட்டம் குறைவு, கப்பன் பார்க் மெட்ரோவிலிருந்து நிதானமாக நடந்து வரலாம், குழந்தை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல நேரமிருக்கும்.

2024-இல் ரச்சின் சதம் அடித்த அன்று என் மகளும் உடன் வந்திருந்தாள். எல்லோரும் கைதட்டியதைப் பார்த்து, 'அவர் நம் ஆள் இல்லையே அப்பா, ஏன் தட்டுகிறோம்?' என்றாள். பதிலை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, முன் இருக்கைப் பாட்டி திரும்பிக் கன்னடத்தில் சொன்னார்: 'நன்றாக ஆடினான் கண்ணு, அதனால்தான்.' மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துவிட்டு அவளும் தட்டினாள்.